பற்றவைப்பின்றிக் கன்வெர்ட்டர் மாற்றுதல்

கட்டை வண்டியின் அச்சாணி கழன்றால் வண்டிக்காரரே அதைச் செதுக்கி மாட்டிக்கொண்டார். தறியில் நாடா உடைந்தால் நெசவாளரே வேறு நாடாவைப் பொருத்திக்கொண்டார். கருவியை உடையவர் அதன் பழுதையும் ஓரளவு அறிந்திருந்த காலம் அது. இன்று பட்டுக்கோட்டை வட்டாரத்தில் தேங்காயும் வாழைத்தாரும் சந்தைக்குச் செல்வது பெரும்பாலும் மோட்டார் வண்டியில்தான். நெசவாளர் குடும்பங்களிலும் நூலும் சேலையும் கொண்டுசெல்லச் சிறு வேன்கள் வந்துவிட்டன. இவற்றுள் பல, ஒருவர் ஓட்டி விற்றதை மற்றொருவர் வாங்கிய பழைய பெட்ரோல் வண்டிகள். அவ்வண்டிகளின் அடிப்பகுதியில் உள்ள ஓர் உறுப்பைப் பற்றி மட்டும் உரிமையாளர் அறிந்திருப்பது மிகக் குறைவு. அது பழுதாகும் நாளில்தான் அதன் பெயர் முதன்முதலாகக் காதில் விழுகிறது; விலையைக் கேட்டதும் மனம் கலங்குகிறது.

அவ்வுறுப்புக்கு நூல்களில் வினையூக்கி மாற்றி என்று பெயர். பட்டறைகளில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்றும், சுருக்கமாகக் கன்வெர்ட்டர் என்றும் வழங்குகிறார்கள். அது என்ன செய்கிறது, ஏன் கெடுகிறது, வெல்டிங் எனப்படும் பற்றவைப்பு இல்லாமல் அதை வீட்டிலேயே மாற்ற இயலுமா என்பனவற்றை அங்கத்தினர்கள் தெரிந்துகொள்ளுதல் நலம். இங்கே சொல்லப்படுவது பெட்ரோல் வண்டிகளுக்கே பொருந்தும். டீசல் வண்டிகளின் அமைப்பு வேறு. அவற்றில் கை வைக்காதிருத்தல் நன்று.

அது செய்யும் வேலை

இயந்திரத்தில் பெட்ரோல் எரிந்தபின் வெளிவரும் புகையில் மூன்று தீய பொருள்கள் உள்ளன. முதலாவது கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் கலந்து பிராணவாயு சேரவேண்டிய இடத்தைத் தான் பற்றிக்கொண்டு ஆளைக் கொல்லவல்லது. இரண்டாவது முழுதும் எரியாத பெட்ரோல் ஆவி. மூன்றாவது நைட்ரஜன் ஆக்சைடுகள். இவை மூன்றையும் ஒருங்கே மாற்றுவதே கன்வெர்ட்டரின் தொழில். கார்பன் மோனாக்சைடு கரியமில வாயுவாகிறது. பெட்ரோல் ஆவி நீராவியும் கரியமில வாயுவும் ஆகிறது. நைட்ரஜன் ஆக்சைடு, காற்றில் இயல்பாக உள்ள நைட்ரஜனாகத் திரும்புகிறது.

வெளிப்பார்வைக்கு அது துருப்பிடிக்காத எஃகினால் செய்த ஒரு டப்பா. உள்ளே பீங்கான் போன்ற பொருளால் செய்த தேன்கூடு ஒன்று இருக்கிறது. சாதாரணமாக ஒரு சதுர அங்குலத்தில் ஏறத்தாழ 400 கண்கள். அங்குலத்துக்கு 20 பாவிழையும் 20 ஊடையிழையும் ஓடும் சல்லாத் துணியை நெசவாளர்கள் நினைத்துக்கொண்டால் அதன் நுணுக்கம் எளிதில் விளங்கும். அத்துணியின் ஒவ்வொரு கண்ணும் ஒரு நீண்ட குழாய் என்று கொள்ளவேண்டும். அக்குழாய்களின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் அரிய உலோகங்கள் சில கிராம் அளவே பூசப்பட்டுள்ளன. இவ்வுலோகங்கள் தாம் செலவாகாமலே பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்துகின்றன. ஆகவேதான் வினையூக்கி என்னும் பெயர்.

இவ்வேலை நடைபெற வெப்பம் வேண்டும். ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறிய பின்னரே கன்வெர்ட்டர் நன்கு வேலை செய்யத் தொடங்கும். ஓட்டத்தில் அதன் சூடு இதனினும் மிகுதியாக உயரும். இந்தச் செய்தியைப் பின்னர் வைக்கோலைப் பற்றிக் கூறுமிடத்தில் மறவாதிருக்க வேண்டும்.

வந்த வரலாறு

யூஜீன் ஹூட்ரி என்னும் பிரெஞ்சு பொறியியலார் அமெரிக்காவில் குடியேறி, மோட்டார்ப் புகையைத் தூய்மை செய்யும் இத்தகைய கருவி ஒன்றுக்கு 1956ஆம் ஆண்டு அங்கே காப்புரிமை பெற்றார். எனினும் அக்காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் பூச்சின்மேல் படிந்து அதைச் செயலற்றதாக்கிவிடும். ஆதலால் ஈயமற்ற பெட்ரோல் வரும்வரை கருவி பரவவில்லை. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுக் கார்களிலிருந்துதான் அது பெருவாரியாகப் பொருத்தப்பட்டது.

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயமற்ற பெட்ரோலும் அப்போது அந்நகரங்களுக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்பனையாயிற்று. பின்னர்ப் பாரத் ஸ்டேஜ் விதிகள் படிப்படியாகக் கடுமையாகி, 2020 ஏப்ரல் முதல் ஆறாம் படி நடைமுறைக்கு வந்தது. ஆகவே நம் அங்கத்தினர் ஓட்டும் பெட்ரோல் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இக்கருவி உண்டு.

முதலில் நோயறிதல்

இக்கட்டுரையில் அங்கத்தினர்கள் தலையாயதாகக் கொள்ளவேண்டிய கருத்து ஒன்றுண்டு. கன்வெர்ட்டர் தானாகக் கெடுவது அரிது. பெரும்பாலும் அதைக் கெடுப்பது இயந்திரம். காரணத்தைக் களையாமல் புதியதைப் பொருத்தினால் புதியதும் அதே வழியில் அழியும்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சங்கம் ஒன்றின் நகைக் கடன் பேரேட்டில், ஒரே குடும்பம் ஓராண்டுக்குள் இருமுறை நகை அடகு வைத்திருந்ததை ஆய்வின்போது கண்டு காரணம் வினவினேன். இருமுறையும் வேனின் கன்வெர்ட்டருக்காகவே என்றார் அந்த அங்கத்தினர். முதலில் மாற்றியது சில மாதங்களில் மீண்டும் அடைத்துக்கொண்டது. உண்மையில் பழுதாயிருந்தது ஒரு சிலிண்டருக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில். எரியாத பெட்ரோல் அந்தச் சிலிண்டரிலிருந்து வெளியேறிக் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து, தேன்கூட்டையே உருக்கிவிட்டது. சிறு விலையுள்ள ஓர் உறுப்பைக் கவனியாததால் குடும்பத்தின் சங்கிலி இருமுறை பெட்டியை விட்டு வெளியேறிற்று.

கன்வெர்ட்டரைக் கெடுக்கும் காரணங்கள் பின்வருமாறு:

1. பிளக், காயில், இன்ஜெக்டர் ஆகியவற்றின் பழுதால் ஒரு சிலிண்டர் சரிவர எரியாமை. இயந்திரம் உதறுவது இதன் அறிகுறி.

2. தேய்ந்த இயந்திரம் எண்ணெய் குடித்தல். எண்ணெயிலுள்ள பாஸ்பரம் பூச்சின்மேல் படிந்து அதை மூடிவிடும். புகை நீல நிறமாக வரும்.

3. ரேடியேட்டர் நீர் இயந்திரத்துக்குள் கசிதல். வெண்புகையும், நீரளவு அடிக்கடி குறைவதும் அறிகுறிகள்.

4. கலப்படப் பெட்ரோல்.

5. அடியில் கல் இடித்தல், மேட்டில் உரசுதல். இதனால் தேன்கூடு நொறுங்கும்.

நொறுங்கிய தேன்கூட்டை எளிதில் அறியலாம். வண்டி நன்கு ஆறியபின் ரப்பர்ச் சுத்தியலால் டப்பாவை மெல்லத் தட்டினால் உள்ளே கலகலவென்று ஓசை எழும். அடைப்பு ஏற்பட்டிருந்தால் இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது குற்றம் தெரியாது. வேகம் எடுக்கும்போது வண்டி இழுக்காமல் திணறும். சில வேளைகளில் அழுகிய முட்டை நாற்றமும் வரும்.

2013ஆம் ஆண்டுக்குப் பின் வந்த கார்களில் ஸ்டீயரிங்கின் கீழ்ப்புறம் 16 ஊசிகள் கொண்ட ஒரு சொருகுவாய் இருக்கும். அதில் சோதனைக் கருவியைச் சொருகினால் பழுதின் குறியெண் தெரியும். பி 0420 என்பது கன்வெர்ட்டரின் திறன் குறைந்தது என்று பொருள்படும். எனினும் அவ்வெண்ணைக் கண்டவுடன் கன்வெர்ட்டரை வாங்க ஓடலாகாது. பின்புறத்துப் பிராணவாயு சென்சார் பழுதானாலும், அதற்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும் இதே எண் தோன்றக்கூடும். அத்துடன் பி 0300 முதல் பி 0304 வரை உள்ள எண்களுள் ஒன்று காணப்பட்டால், சிலிண்டர் சரிவர எரியவில்லை என்பது அதன் பொருள். முதலில் அதைச் சீர்செய்தல் வேண்டும்.

இடித்து எறியலாமா?

“உள்ளே இருப்பதை இடித்துக் கொட்டிவிட்டால் வண்டி நன்றாக ஓடும் என்கிறார்களே, சார், அப்படியே செய்துவிடலாமா?” என்று வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் கேட்டார். “ஐயா, அடைத்த வாய்க்காலைத் தூர் வாரலாம், மதகையே பெயர்த்து எறியலாமா?” என்றுதான் அவருக்கு விடை கூற நேர்ந்தது.

இடித்து எறிவதால் மூன்று தீங்குகள் உண்டு. முதலாவது, நச்சுப் புகை தடையின்றி வெளியேறும். கன்வெர்ட்டர் நன்றாயிருந்தாலும் மூடிய கொட்டகையில் வண்டியை ஓடவிடலாகாது. அது இல்லாத வண்டியாயின் தீங்கு பன்மடங்காகும்; முதலில் துன்புறுவோர் வண்டியின் பின்னிருக்கையில் அமரும் நம் குழந்தைகளே. இரண்டாவது, புகைச் சோதனைச் சான்றிதழ் பெறுவது அரிதாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், புகை விதிகளை மீறுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. மூன்றாவது, பின்புறத்துச் சென்சார் அக்குறையைக் கண்டுகொண்டு எச்சரிக்கை விளக்கை அணையாமல் எரியவிடும். பிறகு உண்மையான வேறு பழுது வந்தாலும் அறியமுடியாது.

வேலைக்கு முன்

பல கார்களில் கன்வெர்ட்டர் போல்ட்டும் நட்டும் கொண்டு பிணைக்கப்பட்டுள்ளது. இரு குழாய்களின் முனைகளிலும் பிளேஞ்சு எனப்படும் தட்டுகள் இருக்கும். இடையே கேஸ்கெட் வைத்து இறுக்கியிருப்பார்கள். இத்தகைய வண்டியில் வெல்டிங்குக்கு வேலையே இல்லை. வெல்டிங்கைத் தவிர்ப்பதற்கு வேறு காரணமும் உண்டு. பெட்ரோல் டாங்கியும் அதன் குழாயும் அருகிலேயே செல்கின்றன; மின்சார வெல்டிங்கினால் வண்டியின் மின்னணுப் பெட்டியும் கெடக்கூடும். வீட்டு வாசலில் செய்யத்தக்க வேலையன்று அது.

முதலில் வண்டியின் அடியில் பார்த்து, நம் வண்டி எவ்வகை என்று துணிய வேண்டும். கன்வெர்ட்டர் தரைக்கு அடியில் தனியாக இருந்து, இரு முனைகளிலும் பிளேஞ்சு இருந்தால் வேலை எளிது. இயந்திரத்தின் புகைவாயோடு ஒரே உறுப்பாக அமைந்திருந்தால் வேலை சற்றுக் கடினம். எனினும் நட்டுகளால் பிணைக்கப்பட்டதே. பின்முனை மட்டும் குழாயோடு பற்றவைக்கப்பட்டிருந்தால், அறுத்துப் பட்டைக் கிளாம்பு போடும் முறையைக் கையாளலாம். முன்முனையும் பின்முனையும் பற்றவைக்கப்பட்டு, கிளாம்புக்கு நேரான குழாய் இடமும் இல்லாவிடில் பட்டறைக்குச் செல்வதே அறிவுடைமை.

வேண்டிய பொருள்கள் இவை: வண்டிக்கு உரிய புதிய கன்வெர்ட்டர், புதிய கேஸ்கெட்டுகள், புதிய போல்ட்டும் நட்டும், துரு இளக்கும் எண்ணெய், சாக்கெட் ஸ்பானர் தொகுதி, சென்சார் கழற்றும் பிளவுச் சாக்கெட், ஜாக்கி, இரண்டு அல்லது நான்கு ஜாக்கி ஸ்டாண்டுகள், கண்ணாடி, கையுறை. சென்சாரின் தலை பல கார்களில் 22 மில்லிமீட்டர். கன்வெர்ட்டரை வாங்கும்போது வண்டியின் மாதிரி, ஆண்டு, பாரத் ஸ்டேஜ் படி ஆகிய மூன்றையும் சொல்லி வாங்கி, ரசீதும் பெறவேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியாயின் விற்றவரிடமே முதலில் செல்ல வேண்டும்.

உயிர்க் காப்பு முதன்மையானது. சிமெண்டுத் தரையில்தான் வண்டியை நிறுத்த வேண்டும். மண் களத்தில் ஜாக்கி புதைந்து சாயும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். வண்டியைத் தூக்கியபின் அதன் எடை ஸ்டாண்டுகளின்மேல் நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும். செங்கல்லும் தென்னங்கட்டையும் ஸ்டாண்டுக்கு ஈடாகா. செங்கல் முன்னறிவிப்பின்றிப் பிளக்கும். ஸ்டாண்டில் நிறுத்தியபின் வண்டியைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, அசையாதென்று தெரிந்த பின்னரே கீழே செல்ல வேண்டும். தனியே செய்யலாகாது, அழைத்த குரலுக்கு வர ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும்.

கழற்றும் முறை

முதல் நாள் மாலையே நட்டுகளின்மேல் துரு இளக்கும் எண்ணெயை விடுக. இரவு முழுதும் வண்டி ஆறட்டும். காலையில் மறுமுறை எண்ணெய் விட்டுச் சிறிது பொறுத்திருக்க வேண்டும். அதிராம்பட்டினத்து உப்பங்காற்றுப் படும் ஊர்களில் துரு மிகக் கடுமையாக இருக்கும்; அங்கே இரண்டு நாள் எண்ணெய் விட்டாலும் வீண் இல்லை.

பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. பின்னர்ச் சென்சார் கம்பிகளின் சொருகுகளைப் பிரித்து, முன்னது எது, பின்னது எது என்று துணிக்கிழிசலால் அடையாளம் கட்டுக. சென்சார்களைப் பிளவுச் சாக்கெட்டால் கழற்றித் தூசு படாமல் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே விழுந்தால் அவை பழுதாகும்.

வெப்பத் தடுப்புத் தகட்டின் போல்ட்டுகளை எடுத்தபின், புகைக்குழாய் தொங்கிவிடாமல் கயிற்றால் கட்டியோ, மற்றொரு ஜாக்கியால் தாங்கியோ வைக்க வேண்டும். பின் பிளேஞ்சை முதலிலும் முன் பிளேஞ்சை அடுத்தும் இளக்குக. நட்டு இளகாவிடில் நீண்ட பிடி கொண்டு வலிந்து முறுக்காமல், சிறிது இறுக்கிச் சிறிது இளக்கி, முன்னும் பின்னுமாகத் திருப்ப வேண்டும். குழாயைத் தாங்கும் ரப்பர் வளையங்களில் சோப்பு நீர் தடவினால் அவை எளிதில் நழுவும்.

பிளேஞ்சின் போல்ட்டு முறிந்தால் அஞ்சவேண்டுவதில்லை. ஊடுருவும் துளையாயின் முறிந்ததைத் தட்டியோ துளையிட்டோ எடுத்துவிட்டுப் புதிய போல்ட்டும் நட்டும் போடலாம். ஆனால் இயந்திரத் தலையில் பதிந்துள்ள முளையே முறிந்துவிட்டால் அங்கேயே வேலையை நிறுத்திப் பட்டறையை நாடுக. அதற்குமேல் செய்யும் முயற்சி இயந்திரத் தலையையே கெடுக்கும்.

பின்முனை பற்றவைக்கப்பட்ட வகையாயின், புதிய கன்வெர்ட்டரைப் பழையதன் அருகே தரையில் கிடத்தி அளந்து, அறுக்கும் கோட்டைச் சாக்குக்கட்டியால் குறிக்க வேண்டும். துணி வெட்டுமுன் இருமுறை அளப்பது போன்றே இதுவும். குறைவாக அறுத்தால் மீண்டும் அறுக்கலாம். மிகுதியாக அறுத்தால் ஒட்டவைக்க வழியில்லை. இரும்பறுக்கும் ரம்பத்தால் நேராக அறுத்து, பிசிறுகளை அரத்தால் நீக்குக. குழாயினுள் குழாய் செல்லும் இணைப்பாயின் ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை உட்புக வேண்டும். புகை வரும் திசையிலுள்ள குழாய் உள்ளேயும், புகை செல்லும் திசையிலுள்ள குழாய் வெளியேயும் இருத்தல் முறை. இல்லையேல் புகை இடுக்கில் நுழைந்து கசியும்.

பொருத்தும் முறை

பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து நீளம், பிளேஞ்சுத் துளைகள், சென்சார்த் துளைகள் ஆகியவை ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். புதியதன்மேல் அம்புக்குறி இருந்தால் அது வண்டியின் பின்பக்கம் நோக்கியிருக்க வேண்டும். புகை செல்லும் திசை அதுவே.

பிளேஞ்சு முகங்களைக் கம்பித் தூரிகையால் துடைத்துப் புதிய கேஸ்கெட்டை வைக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டை மீண்டும் பயன்படுத்துதல் போலிச் சிக்கனம். எல்லா நட்டுகளையும் முதலில் கையால் மட்டும் திருகுக. ரப்பர் வளையங்களை மாட்டிக் குழாய் நேராக நிற்கிறதா, அடித்தட்டில் எங்கும் இடிக்கிறதா என்று பார்த்தபின் முன்னிருந்து பின்னாக இறுக்கிச் செல்ல வேண்டும். ஒரே நட்டை முழுதும் இறுக்காமல் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குக. இறுதி இறுக்கத்தின் அளவு வண்டிக்குரிய கைந்நூலில் இருக்கும். அவ்வளவை டார்க் ரெஞ்சால் பார்த்துக்கொள்ளல் நன்று.

சென்சாரின் மரையில் மட்டும் மரை இறுகாப் பசையைச் சிறிது தடவலாம், நுனியில் படலாகாது. புதிய சென்சார்களில் அப்பசை பெரும்பாலும் முன்னமே இருக்கும். கசிவை அடைக்கச் சிலிகான் பசையை ஒருபோதும் பூசற்க. அதன் ஆவி சென்சாரைக் கெடுக்கும்.

பேட்டரிக் கம்பியை மாட்டியபின் வண்டியைத் திறந்த வெளியில் இயக்குக. குளிர்ந்த நிலையில் இணைப்புகளின்மேல் சோப்பு நீர் தெளித்து, ஒருவர் கையுறையோடு பின்குழாயைத் துணியால் சில நொடி மட்டும் ஓரளவு மறைத்தால், கசிவுள்ள இடத்தில் குமிழிகள் எழும். முதல் சில நிமிடங்கள் புதிய டப்பாவிலிருந்து சிறிது புகையும் மணமும் வரக்கூடும்; உள்ளே தேன்கூட்டைச் சுற்றியுள்ள மெத்தைப் பொருளின் பசை எரிவதே அது. குறியெண்ணை அழித்துவிட்டு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடியபின் குளிர்ந்த நிலையில் நட்டுகளை மறுமுறை சரிபார்க்க வேண்டும். புகைச் சோதனைச் சான்றிதழைப் புதிதாக எடுத்துக்கொண்டால் வேலை முற்றுப்பெறும்.

நம் வட்டாரத்துக்குரிய எச்சரிக்கைகள்

காவிரிப் படுகையில் அறுவடைக் காலத்தில் சாலைகளில் வைக்கோலும் உளுந்துச் செடியும் பரப்பப்படுவதைக் காண்கிறோம். அவற்றின்மேல் ஓடும் காரின் அடியில் வைக்கோல் சிக்கிக் கன்வெர்ட்டரைத் தொட்டால் தீப்பற்றக்கூடும். வைக்கோற்போர் அருகிலோ, சருகு மண்டிய தோப்பிலோ சூடான வண்டியை நிறுத்துதல் கூடாது. பரப்பியிருப்பதைக் கடந்து வந்தால் சாலையோரத்தில் நிறுத்தி அடியில் பார்த்துச் செல்க. வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றியவர் அதை மீண்டும் மாட்ட மறத்தல் இவ்வூர்களில் பெரும் பிழையாகும்.

நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய வண்டியைத் தேங்கிய நீரில் உடனே இறக்குதலும் தீது. திடீர்க் குளிர்ச்சியால் தேன்கூடு விரிசல் காணலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதைக் கவனத்தில் கொள்ளவேண்டும்.

பழைய டப்பாவின் மதிப்பு

கழற்றிய டப்பா இரும்புக் கழிவன்று. பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் அதனுள் இருக்கின்றன. 2021ஆம் ஆண்டில் ரோடியத்தின் விலை எடைக்கு எடை தங்கத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது. பிறகு வெகுவாக இறங்கியது. இவ்வுலோகங்களுக்காகவே குஜராத் மாநிலத்து நகரங்களில் மாருதி ஈகோ வேன்களின் சைலன்சர்களைத் திருடிய கூட்டங்களைப் போலீசார் பிடித்த செய்திகள் வந்துள்ளன. திருடர் அறிந்த மதிப்பை உடையவர் அறியாதிருத்தல் பொருந்தாது. பழைய இரும்புக்காரர் எடைக்கு விலை சொன்னால் கொடுத்துவிடாமல், இருவர் மூவரிடம் விசாரித்து, ரசீதுடன் விற்க வேண்டும். டப்பாவை வீட்டில் உடைத்துப் பார்ப்பதும் வேண்டா. அதன் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது.

சங்கம் செய்யக்கூடியது

ஜாக்கி ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், சென்சார்ச் சாக்கெட், குறியெண் படிக்கும் கருவி ஆகியவற்றை ஒவ்வோர் அங்கத்தினரும் தனித்தனியே வாங்குவது வீண். ஆண்டில் ஒருநாள் பயன்படும் கருவி மற்ற நாள்களில் துருப்பிடிக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவற்றில் உழவுக் கருவிகளை வாடகைக்கு விடும் முறை ஏற்கெனவே உள்ளது. அதே பதிவேட்டில் இக்கருவிகளையும் சேர்த்துக் குறைந்த வாடகைக்கு விடுவதற்கு நிர்வாகக் குழுக்கள் தீர்மானிக்கலாம். குறியெண் படிக்கும் கருவி ஒன்று சங்க அலுவலகத்தில் இருந்தால், அங்கத்தினர் பட்டறைக்குச் செல்லுமுன்பே தம் வண்டியின் பழுதை அறிந்து செல்வர். புதிய கன்வெர்ட்டர்தான் வேண்டும் என்று ஒருவர் கூறும்போது, “ஏன்?” என்று கேட்கும் தகுதி அவருக்கு வரும். பழைய டப்பாக்களைப் பலரிடமிருந்தும் சேர்த்து ஒருங்கே விற்றால் நல்ல விலையும் கிடைக்கக்கூடும். விளைபொருளை ஒருங்கே விற்று நாம் கண்ட பயன் இதற்கும் பொருந்தும்.

நட்டுகளைக் கழற்றி மாட்டுவது ஒரு பகல் வேலை. பொறுமையும் ஜாக்கிரதையும் உள்ள எவரும் செய்யலாம். ஆயினும் ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் காரணத்தை அறிந்து நீக்குதலே பணத்தைக் காக்கும். நகைக் கடன் பேரேட்டில் மோட்டார்ப் பழுதுக்காக எழுதப்படும் வரிகள் குறையுமாயின், அதுவே இம்முறையை அங்கத்தினர்கள் கைக்கொண்டதற்குச் சான்றாகும்.